கப்பிக்கு ஒரு தண்ணீர், நியானுக்கு ஒரு தண்ணீர்

வண்ண மீன் கடைக்குள் முதல்முறை நுழைகிறவருக்குக் கிடைக்கும் அறிவுரை பெரும்பாலும் ஒன்றுதான்: "முதல்ல கப்பி போடுங்க சார், அது லேசுல சாகாது. கை பழகினதும் நியான் டெட்ரா எடுத்துக்கலாம்." சென்னைக் கொளத்தூரின் மீன் கடைகளில் ஒரு மாலை ஏறி இறங்கினால் இதையே பல வாய்களில் கேட்கலாம். இரண்டும் ஒன்றரை இரண்டு அங்குலத்தைத் தாண்டாத மீன்கள். இரண்டும் தென் அமெரிக்காவைச் சேர்ந்தவை. பக்கத்துப் பக்கத்துத் தொட்டிகளில் நீந்திக்கொண்டிருக்கும். ஒன்றுக்கு 'எளிது' என்றும் மற்றொன்றுக்குக் 'கடினம்' என்றும் பெயர் நிலைத்துவிட்டது.

ஆயுளைப் பார்த்தால் இந்தப் பெயர்கள் தலைகீழாகின்றன. கப்பியின் ஆயுள் ஏறக்குறைய இரண்டு ஆண்டு. வெயில் ஊர்களில் அதற்கும் குறைவு. நியான் டெட்ரா நல்ல தொட்டியில் ஐந்து ஆண்டைத் தாண்டி வாழும். சாகாத மீன் என்று பெயர் வாங்கியதுதான் முதலில் சாகிறது. ஆனால் அது சாவது வீட்டுக்காரர் கண்ணில் படுவதில்லை. அதற்குள் குஞ்சுகள் வந்து இடத்தை நிரப்பியிருக்கும். நியான் சாதாரண வீட்டுத் தொட்டியில் இனம் பெருக்காது. பத்து வாங்கினால் பத்து, ஒன்று போனால் ஒன்பது. எனவே கப்பித் தொட்டியின் ஆரோக்கியத்தை வம்சத்தை வைத்தும், நியான் தொட்டியின் ஆரோக்கியத்தை ஒவ்வொரு மீனின் ஆயுளை வைத்தும் அளக்க வேண்டும். ஒரே அளவுகோலை இரண்டுக்கும் வைப்பதால்தான் கடைக்காரர் பாதி சரியாகவும் பாதி தவறாகவும் பேசுகிறார்.

இந்த வேறுபாடு அவற்றின் சொந்த ஊரிலேயே தொடங்குகிறது. கப்பியின் தாயகம் தென் அமெரிக்காவின் வடகிழக்கு மூலை: வெனிசுவேலா, கயானா, அருகிலுள்ள டிரினிடாட் தீவு. 1859இல் ஜெர்மானிய விலங்கியலாளர் வில்ஹெல்ம் பீட்டர்ஸ் வெனிசுவேலா மீன்களை வைத்து இதற்கு முதல் அறிவியல் விவரணை எழுதினார். 1866இல், டிரினிடாட்டிலிருந்து ராபர்ட் ஜான் லெக்மியர் கப்பி என்பவர் லண்டனுக்கு அனுப்பிய மீன்களைப் புதிய இனம் என்று கருதி, ஆல்பர்ட் குந்தர் அவற்றுக்கு அனுப்பியவர் பெயரையே வைத்தார். அறிவியல் பெயர் பின்னால் மாறியது. கடைப் பெயர் நின்றுவிட்டது. மலையோடை, வாய்க்கால், தேங்கிய குட்டை, உப்பு கலந்த கழிமுகம் என்று கப்பி எங்கும் வாழும். டிரினிடாட் ஓடைகளில் ஜான் எண்ட்லர், டேவிட் ரெஸ்னிக் ஆகிய அமெரிக்க உயிரியலாளர்கள் பல ஆண்டுகள் செய்த ஆய்வுகள் பரிணாமப் பாடநூல்களில் இடம்பெற்றவை. கொன்று தின்னும் பெரிய மீன்கள் உள்ள பகுதியில் கப்பிகள் சீக்கிரம் பருவமடைகின்றன, நிறையக் குஞ்சு போடுகின்றன, ஆண்களின் நிறம் மங்கலாக இருக்கிறது. எதிரி குறைந்த மேல்பகுதியில் பருவம் தள்ளிப்போகிறது, குஞ்சுகள் குறைகின்றன, ஆண்கள் பளிச்சென்று நிறமெடுக்கின்றன. வேகமாக வாழ்ந்து, வேகமாகப் பெருகி, போய்ச்சேருவது இதன் பிறவி வழி.

நியான் டெட்ரா மேல் அமேசானின் மீன். 1934இல் ஓகுஸ்த் ரபோ என்ற பிரெஞ்சுக்காரர் பெருவின் காட்டு ஓடைகளில் இதைப் பிடித்தார். பாரிஸ் போய், ஜெர்மனி போய், 1936இல் ஹிண்டன்பர்க் வான்கப்பலில் சில மீன்கள் அட்லாண்டிக்கைக் கடந்தன. அதே ஆண்டு ஜார்ஜ் மையர்ஸ் இதை விவரித்து, பிலடெல்பியாவில் மீன் வளர்ப்புப் பத்திரிகை நடத்திய வில்லியம் இன்னெஸின் பெயரைச் சூட்டினார். அது வாழும் நீர் மரநிழலில் ஓடுவது. தாது உப்பு மிகக் குறைந்தது. பல இடங்களில் உதிர்ந்த இலைகள் ஊறித் தேநீர் நிறமாக இருப்பது. அந்த இருட்டில்தான் நீலக் கோட்டுக்கு வேலை. கோட்டில் உள்ளது சாயம் அல்ல. தோல் செல்களுக்குள் அடுக்கடுக்காக இருக்கும் குவானின் படிகத் தகடுகள் ஒளியைத் திருப்பி அனுப்புவதால் வரும் நிறம். இரவில் அந்தக் கோடு மங்கிவிடும். விடியற்காலையில் விளக்கைப் போட்டுவிட்டு, வெளிறிய மீனைப் பார்த்து நோய் என்று பதறி மருந்து ஊற்றுகிறவர்கள் உண்டு. அரைமணி பொறுத்தால் நிறம் தானே வந்துவிடும்.

இந்த இரண்டு நீர்களும் நம் வீட்டுக் குழாயில் வரும் நீருக்கு எவ்வளவு தூரம்? இங்கேதான் விஷயம் சூடு பிடிக்கிறது. குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயப்படி நீரின் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு வழியில்லாத இடத்தில் 600 வரை அனுமதி. மொத்தக் கரைபொருள், அதாவது ஆர்.ஓ. மெக்கானிக் மீட்டரை முக்கிப் பார்த்துச் சொல்லும் டி.டி.எஸ்., 500 வரை ஏற்கத்தக்கது, 2000 வரை அனுமதி. கடலோர ஊர்களில் போர் தண்ணீர் இந்த முதல் எல்லையைத் தாண்டி நிற்பது வழக்கம். பாத்திரத்தில் வெள்ளை படியும், சோப்பு நுரைக்காது. அந்த நீர் கப்பிக்கு ஏறக்குறைய ஊர் நீர். நியானுக்கோ அது அந்நியம்.

நன்னீர் மீனின் ரத்தத்தில் உள்ள உப்பு, சுற்றியுள்ள நீரில் உள்ளதைவிட அதிகம். அதனால் நீர் ஓயாமல் உடலுக்குள் கசிந்துகொண்டே இருக்கும். மீன் அதைச் சிறுநீராகத் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும், இழக்கும் உப்பைச் செவுள் வழியாகத் திரும்ப இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். தாது நிறைந்த நீருக்குப் பழகிய கப்பியைத் தனி ஆர்.ஓ. தண்ணீரில் விட்டால் இந்த வேலை அதற்குத் தாங்காது. இறக்கையை மடக்கிக்கொண்டு, இடம் நகராமல் உடலை இடவலமாக ஆட்டிக்கொண்டு நிற்கும். கப்பி, மோலி வளர்ப்பவர்களுக்கு இந்த ஆட்டம் நன்றாகத் தெரியும். சுத்தமான தண்ணீர்தான் நல்லது என்று குடிநீர் கேன் வாங்கி ஊற்றுகிற வீடுகளில் இது நடக்கிறது. பணம் கொடுத்து வாங்கிய நோய் என்றுதான் சொல்ல வேண்டும். அதற்கு மருந்து வேண்டாம், போர் தண்ணீர் கொஞ்சம் கலந்தால் போதும்.

நியானுக்குக் கடினநீர் உடனே கெடுதல் செய்யாது. இன்று கடைக்கு வருபவை காட்டில் பிடித்தவை அல்ல, ஆசியப் பண்ணைகளில் பல தலைமுறையாக வளர்ந்தவை. நடுத்தரக் கடினநீரில் அவை பிழைத்துக்கொள்ளும். கடினநீரில் முட்டைகள்தாம் பொரிக்காது. நிஜமாகவே மிருதுவான, சற்றே அமிலத்தன்மையுள்ள நீரும் இருட்டும் இருந்தால்தான் அவற்றிலிருந்து குஞ்சு வரும். வெளிச்சம் பட்டால் முட்டை கெடும். வளர்ப்பவருக்கு முட்டை முக்கியமில்லை என்றால் கேள்வி எளிதாகிறது: எந்த நீர் என்பதைவிட, அந்த நீர் மாறாமல் இருக்கிறதா என்பதே கேள்வி. சென்னை அடுக்ககம் ஒன்றை நினைத்துப் பாருங்கள். கார்த்திகையில் மெட்ரோ வாட்டர், பங்குனியில் போர், சித்திரையில் லாரித் தண்ணீர், மூன்றும் ஒரே கீழ்த்தொட்டியில் கலந்து மேலே ஏறுகின்றன. குழாயைத் திறப்பவருக்கு வித்தியாசம் தெரியாது. நியானின் செவுளுக்குத் தெரியும். கப்பி இந்த ஏற்ற இறக்கத்தைத் தாங்குவது கழிமுகத்தில் வாழ்ந்த முன்னோர் கொடுத்த சொத்து.

ஆனால் ஒரு விஷயத்தில் கப்பியின் நீர்தான் ஆபத்தானது. இது பலரும் கவனிக்காதது, எனவே சற்று விரிவாகச் சொல்கிறேன். மீனின் செவுளிலிருந்தும், அழுகும் தீனியிலிருந்தும் அம்மோனியா வருகிறது. நீரில் அது இரண்டு வடிவங்களில் இருக்கும். ஒன்று செவுளைக் கருக்கும் நஞ்சு. மற்றொன்று ஓரளவு சாதுவான அம்மோனியம். எந்த வடிவம் எவ்வளவு என்பதைத் தீர்மானிப்பது நீரின் பி.எச். அளவும், அதாவது அமில-கார அளவும், வெப்பமும். 25 டிகிரியில் பி.எச். 7 என்றால் மொத்தத்தில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவாகவே நஞ்சு வடிவம். பி.எச். 8 ஆனால் அது ஐந்து சதவீதத்தைத் தொடும், ஏறக்குறைய பத்து மடங்கு. கப்பிக்குப் பிடித்தது அந்தக் காரநீர்தான். தீனியைக் கொட்டிவிட்டு வெளியூர் போனவர் திரும்பி வரும்போது செத்து மிதப்பது நியானைவிடக் கப்பியாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

நியான் தொட்டியின் சிக்கல் எதிர்த் திசையில். அம்மோனியாவைத் தின்று நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் பில்டர் பஞ்சிலும் மணலிலும் குடியிருப்பவை. பி.எச். 6க்குக் கீழே இறங்கினால் அவை சோம்பிவிடும். அந்த வேலையில் அமிலமும் உருவாகிறது. கடினநீரில் உள்ள கார்பனேட் அந்த அமிலத்தை விழுங்கிக்கொள்ளும். மிருதுநீரில் விழுங்க ஆளில்லை. மாதக்கணக்கில் தண்ணீர் மாற்றாத நியான் தொட்டியில் பி.எச். சத்தமில்லாமல் சரியும், அம்மோனியம் சேரும், மீன்கள் ஒன்றும் ஆகாததுபோல் நீந்தும். ஒருநாள் வீட்டுக்காரருக்கு ஞானோதயம் வந்து பாதித் தொட்டியை இறைத்துக் காரமான போர் தண்ணீரை ஊற்றுவார். பி.எச். ஏறும். சாதுவாக இருந்த அம்மோனியம் நஞ்சாகும். "தண்ணி மாத்தினேன், செத்துப்போச்சு" என்ற புலம்பலுக்குப் பின்னால் இருப்பது அநேகமாக இதுதான். மாற்றியது குற்றமல்ல, அதற்கு முன் மாற்றாமல் விட்டதுதான் குற்றம். நியானுக்கு வாரம் தவறாமல் ஐந்தில் ஒரு பங்கு. கப்பிக்கு வாரம் நான்கில் ஒரு பங்கு, கூட்டம் கூடினால் மூன்றில் ஒரு பங்கு. குளோரின் வாடை உள்ள நீர் என்றால், கடையில் 'ஆன்டி குளோரின்' என்று விற்கும் சோடியம் தயோசல்பேட்டைச் சேர்த்த பிறகு. பில்டர் பஞ்சைக் குழாயடியில் சோப்புப் போட்டுத் துவைக்கும் பழக்கத்தை மட்டும் இரண்டு வீட்டாரும் விட்டுவிட வேண்டும். தொட்டியிலிருந்து எடுத்த நீரில் ஒருமுறை பிழிந்தால் போதும்.

மிருதுநீருக்கு எங்கே போவது? தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டிலிருந்தே கட்டடங்களில் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். பெரும்பாலான வீடுகளில் அந்தக் குழாய் நேரே மண்ணுக்குள் போய்விடுகிறது. முதல் மழையை விட்டுவிட்டு, தளம் கழுவப்பட்ட பிறகு வருவதை ஒரு டிரம்மில் பிடித்து, கரி பில்டரில் வடிகட்டினால், நியானுக்கு அதைவிட நல்ல நீர் கிடையாது. போர் தண்ணீர் ஒரு பங்கு, மழைநீரோ ஆர்.ஓ. நீரோ இரண்டு பங்கு என்ற கலவை பெரும்பாலான கடலோர வீடுகளுக்குப் பொருந்தும். மழைநீரில் தாதுவே இல்லை என்பதால் தனியாக ஊற்றக் கூடாது. இலை ஊறிய நிறத்துக்குத் தெருவோரத்தில் நிற்கும் நாட்டு வாதுமை மரம் போதும். பச்சை இலை வேண்டாம், தானாக உதிர்ந்து செம்பழுப்பாகக் காய்ந்தது வேண்டும். தென்கிழக்காசியாவில் ஃபைட்டர் மீன் வளர்ப்பவர்கள் நெடுங்காலமாகப் பயன்படுத்தும் அதே இலை. நீரை லேசாகப் புளிப்பாக்கும், வெளிச்சத்தை மட்டுப்படுத்தும். கப்பித் தொட்டியில் ஓர் இலை விழுந்தால் நட்டமில்லை. அந்த நீரின் கார்பனேட்டுக்கு முன்னால் அது பெரிதாக எதையும் சாதிக்காது.

அடுத்தது வெயில். மீன் வளர்ப்புப் புத்தகங்கள் குளிர் நாடுகளில் எழுதப்பட்டவை என்பதால் ஹீட்டரைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் பேசும். சமவெளித் தமிழ்நாட்டில் நம் கவலை வேறு. அக்னி நட்சத்திர நாட்களில் மொட்டை மாடிக்குக் கீழ் அறையில் தொட்டி நீர் 32 டிகிரியைத் தொடுவது சாதாரணம். கப்பிக்கு ஏற்றது 24 முதல் 28. நியானுக்கு 22 முதல் 26. நீர் சூடானால் அதில் கரையும் ஆக்ஸிஜன் குறையும்: 25 டிகிரியில் லிட்டருக்கு 8 மில்லிகிராமுக்குச் சற்று மேல், 32இல் 7க்குச் சற்று மேல். அதே நேரத்தில் மீனின் உடல் வேகமாக இயங்கி அதிக ஆக்ஸிஜன் கேட்கும். வரவு குறைந்து செலவு கூடுகிறது. கப்பி நீரின் மேல்மட்டத்துக்கு வந்து, காற்றைத் தொட்டிருக்கும் மெல்லிய படலத்திலிருந்து மூச்சுவிட்டுச் சமாளிக்கும். மேல்நோக்கித் திறந்த அதன் வாய் அதற்கு வசதி. நியான் நடுமட்டத்து மீன். மேலே வர மனமில்லாமல் திணறும்.

தொட்டியின் மேல் ஒரு சிறு மின்விசிறியை வைத்தால் நீர் ஆவியாகி ஓரிரு டிகிரி இறங்கும். ஈரக்காற்று நிறைந்த கடலோரத்தில் பலன் குறைவு, கோவை மதுரைப் பக்கம் கூடுதல். இதில் ஒரு கண்ணி உண்டு. ஆவியாவது நீர் மட்டும்தான், உப்பு தொட்டியிலேயே நிற்கிறது. குறைந்த அளவுக்குப் போர் தண்ணீரையே ஊற்றி நிரப்பிக்கொண்டு போனால் கோடை முடிவதற்குள் நியான் தொட்டி கடினநீர்த் தொட்டியாகியிருக்கும். ஆவியானதை ஈடுகட்ட ஆர்.ஓ. நீர், வார மாற்றத்துக்குக் கலவை நீர் என்று இரண்டையும் பிரித்து வைத்துக்கொள்வதே வழி. கப்பிக்கு இந்த நுணுக்கம் தேவையில்லை. கொஞ்சம் உப்பு கூடினால் அது மகிழ்ச்சியாகத்தான் இருக்கும்.

தீனி விஷயத்தில் இரண்டின் குணமும் நேர் எதிர். கப்பி நாள் முழுக்கக் கொறிக்கும் மீன். பாசி, புழு, சிறு பூச்சி என்று எது கிடைத்தாலும். கண்ணாடிப் பக்கம் ஆள் நிழல் பட்டால் ஓடிவந்து வாலாட்டும். குழந்தைகளும் தாத்தா பாட்டிகளும் அந்த வாலுக்கு மயங்கி ஒரு சிட்டிகை, இன்னொரு சிட்டிகை என்று போடுவார்கள். கப்பி பசியால் செத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. நியான் கெஞ்சத் தெரியாத மீன். நடுநீரில் மெதுவாக இறங்கும் துகளைத்தான் கொத்தும், வாயும் சிறியது. பெரிய குருணை உருண்டைகளை வாயில் வைத்துத் துப்பிவிடும். கூடவே முரட்டு மீன்கள் இருந்தால் அது நாளடைவில் முதுகு மெலிந்து போவதை வீட்டில் யாரும் கவனிக்க மாட்டார்கள். நன்றாகப் பொடித்த தீனி, வாரம் இரண்டொரு முறை முட்டையிலிருந்து பொரித்த ஆர்ட்டீமியா என்ற நுண்ணிறால் குஞ்சு, இது போதும். கடைகளில் கிண்ணத்தில் சிவப்பாக நெளியும் டியூபிஃபெக்ஸ் புழு சாக்கடைச் சேற்றில் வளர்வது. இரண்டு மீனும் ஆசையாகத் தின்னும். பல நோய்கள் அந்த ஆசை வழியாகவே வீட்டுக்குள் வருகின்றன.

கூட்டம் என்பதும் இரண்டுக்கும் வேறு. நியான் ஆறேழுக்குக் குறைந்தால் பயந்து சாகும் மீன் என்று சொன்னால் மிகையில்லை. பத்துக்கு மேல் இருந்தால்தான் அதன் நிறமும் நடையும் வெளிவரும். இரண்டடித் தொட்டி ஐம்பது லிட்டருக்குச் சற்று மேல் கொள்ளும்; பத்துப் பன்னிரண்டு நியானுக்கு அது வீடு. அதே தொட்டியில் ஆறு கப்பியை, ஆணும் பெண்ணுமாக விட்டுப் பாருங்கள். ஆண்கள் பெண்களைக் காலை முதல் இரவு வரை துரத்தும். ஓர் ஆணுக்கு இரண்டு மூன்று பெண் இருந்தால் தொல்லை பங்கு பிரியும். நான்கு வாரத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு பெண்ணும் இருபது முப்பது குஞ்சு போடும். ஆணின் விந்தைப் பெண் மாதக்கணக்கில் சேமித்து வைத்துக்கொள்வதால், தனியாக வாங்கிவந்த பெண்கூட ஈனும். ஆறு மாதத்தில் தொட்டி திருவிழாக் கூட்டமாகிவிடும். கப்பியின் நோய்க்கு முதல் காரணம் கிருமி அல்ல, இந்த நெரிசல்தான் என்பது என் கணிப்பு. உடன்பிறப்புகளுக்குள்ளேயே இனம் பெருகி, வளைந்த முதுகும் சிறுத்த உடலுமாகத் தலைமுறைகள் தேயும். வம்சம் ஓடிக்கொண்டிருக்கும், ஆரோக்கியம் போயிருக்கும். ஆண்களை மட்டும் வளர்ப்பது இதற்குச் சுலபமான தீர்வு. அழகும் அவற்றிடம்தானே இருக்கிறது.

மிஞ்சிய குஞ்சுகளை ஏரியிலோ கோயில் குளத்திலோ விடுவது பலருக்குப் புண்ணியமாகத் தோன்றுகிறது. கொசுப்புழுவைத் தின்னும் என்பதற்காக உள்ளாட்சி அமைப்புகளே கிணறுகளிலும் தொட்டிகளிலும் கப்பி விடுவதைப் பார்த்து வந்த எண்ணம் அது. மூடிய கிணறு வேறு, ஏரி வேறு. நம்மூர் முண்டக்கண்ணியும் கொசுப்புழு தின்னும் மீன்தான். அதன் இடத்தில் ஓயாமல் ஈனும் வந்தேறி ஒன்றை விடுவதில் புண்ணியம் எதுவும் இல்லை. கடைக்காரரிடம் திருப்பிக் கொடுத்தால் அவர் வாங்கிக்கொள்வார்.

இந்தியாவுக்குக் கப்பி வந்தது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கொசு ஒழிப்புக்காக. நகரத்துச் சாக்கடைகளில் மங்கிய நிறத்தில் இன்றும் நீந்திக்கொண்டிருப்பவை அந்த வழி வந்தவை. கப்பி சாகாது என்ற பெயரைச் சம்பாதித்தது அந்தச் சாக்கடைக் கப்பி. அதை அனுபவிப்பது கடையில் இருக்கும் விசிறிவால் கப்பி. நீச்சலுக்கே இடைஞ்சலான பெரிய வாலுக்காகத் தலைமுறை தலைமுறையாக நெருங்கிய உறவுக்குள் இணைசேர்க்கப்பட்டது அது. தென்கிழக்காசியப் பண்ணைகள் பலவற்றில் லேசாக உப்பிட்ட நீரில் வளர்க்கிறார்கள். அங்கிருந்து நேரே நம் நன்னீர்த் தொட்டிக்கு வரும்போது இரண்டு வாரத்தில் சுருண்டுவிடும். நம்மூர்ச் சிமென்ட் தொட்டியில் கிணற்று நீரில் பிறந்து வளர்ந்த கப்பி விலையும் குறைவு, ஆயுளும் கூடுதல். நியானில் இந்தத் தேர்வு நமக்கு அவ்வளவாக இல்லை. பெரும்பாலானவை விமானப் பையில் வந்தவை. எனவே அங்கே கேட்க வேண்டிய கேள்வி வேறு: "வந்து எத்தனை நாள் ஆச்சு?" இரண்டு வாரம் கடைத் தொட்டியில் தாக்குப்பிடித்த நியானை வாங்குவதே புத்தி. நேற்று வந்தது என்றால் விட்டுவிட்டு வர வேண்டும்.

பை என்றதும் ஒரு சேதி. நெடும்பயணத்தில் மீன் விடும் கரியமில வாயு பைக்குள் தேங்கிப் பி.எச்.-ஐ இறக்கிவிடும், அதனால் சேர்ந்த அம்மோனியா சாதுவாக இருக்கும். பையைத் திறந்து வைத்துச் சொட்டுச் சொட்டாக மணிக்கணக்கில் நீர் கலந்தால் வாயு வெளியேறி, பி.எச். ஏறி, அதே பைக்குள் மீன் நஞ்சில் மிதக்கும். நெடுந்தூரப் பை என்றால் வெப்பம் சமமாகும்வரை மூடியே மிதக்கவிட்டு, திறந்தவுடன் வலையில் எடுத்து விட்டுவிடுவது நல்லது. உள்ளூர்க் கடையிலிருந்து அரைமணிப் பயணம் என்றால் நிதானமாகக் கலக்கலாம். கடை நீரும் வீட்டு நீரும் மாறுபடும்போது நியானுக்கு அந்த நிதானம் அவசியம்.

நோய்களில் பொதுவானது வெள்ளைப்புள்ளி. உப்புத்தூள் தூவியது போல் உடலெங்கும் புள்ளி வரும். மருந்து கொல்வது தோலுக்குள் இருக்கும் ஒட்டுண்ணியை அல்ல, வெளியே வந்து நீரில் நீந்தும் அதன் குஞ்சுகளை. ஆகவே புள்ளி மறைந்ததும் மருந்தை நிறுத்தினால் ஒரு வாரத்தில் திரும்பி வரும். கப்பிக்கு லிட்டருக்கு இரண்டு மூன்று கிராம் கல்லுப்பும் 30 டிகிரி வெப்பமும் பெரும்பாலும் போதும். நியான் உப்பையும் சூட்டையும் அவ்வளவு தாங்காது. மலக்கைட் கிரீன் கலந்த மருந்து என்றால் டெட்ராக்களுக்குப் பாதி அளவுதான். கடைக்காரர் கப்பிக்குச் சொன்ன அளவையே நியானுக்கும் ஊற்றினால் நோய்க்கு முன் மருந்து கொன்றுவிடும்.

நியானுக்கென்று தனி நோய் ஒன்று உண்டு. பிளைஸ்டோஃபோரா என்ற நுண்ணுயிர் தசைக்குள் புகுந்து, முதுகுப் பக்கம் வெள்ளைத் திட்டுகளாகத் தெரியும். பகலிலேயே சிவப்பும் நீலமும் வெளிறும், முதுகெலும்பு கோணும். 1941இல் ஜெர்மானியரான ஷெப்பர்க்ளாஸ் விவரித்த நோய். இன்றுவரை நம்பத்தகுந்த மருந்து கிடையாது. செத்த மீனை மற்றவை கொத்தித் தின்பதால் பரவும். எனவே நோயுற்றதை உடனே பிரித்தெடுப்பது ஒன்றே வழி. இதேபோல் தோற்றமளிக்கும் பாக்டீரியா நோயும் இருக்கிறது, அது குணமாகக்கூடியது. நுண்ணோக்கி இல்லாமல் இரண்டையும் பிரித்தறிவது கடினம். கப்பியின் தனிச் சீக்குகள் பெரும்பாலும் வெளிப்படையாகத் தெரிபவை. ஆசனவாயில் சிவப்பு நூல்போல் தொங்கும் கமலானஸ் புழு, நார் நாராகக் கிழியும் வால், மடங்கிய இறக்கை. புழுவுக்கு ஆட்டுக்குக் கொடுக்கும் லெவாமிசோல் வேலை செய்யும்; அளவைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். சுருங்கச் சொன்னால், கப்பியின் நோயை அதன் உடலைப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம். நியானின் நோயை முதலில் காட்டிக்கொடுப்பது கூட்டம். எல்லாம் ஒருபுறம் திரும்பும்போது ஒன்று மட்டும் தனியே ஓரத்தில் நின்றால், உடலில் ஒரு குறியும் இல்லாவிட்டாலும், அதைத் தனித்தொட்டிக்கு மாற்றும் நேரம் வந்துவிட்டது. கையில் வெட்டுக்காயம் இருக்கும்போது இரண்டு தொட்டிக்குள்ளும் கை விடக் கூடாது. மீன்களின் காசநோய்க் கிருமி மனிதத் தோலிலும் புண் வைக்கும்.

இரண்டையும் ஒரே தொட்டியில் வைக்கலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். சண்டை வராது. பி.எச். 7 சுற்றி, நடுத்தரக் கடினம், 25 டிகிரி என்ற நடுவழியில் இரண்டும் உயிரோடு இருக்கும். கப்பிக்குச் சற்று மிருது, நியானுக்குச் சற்றுக் கடினம், தீனி நேரத்தில் கப்பிக்கு முதல் பந்தி. நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். ஊர் நீரைப் பார்த்து மீனைத் தேர்வதுதான் செலவும் சாவும் குறைந்த வழி. கோயம்புத்தூரில் சிறுவாணி வரும் வீட்டுக்காரர் யோசிக்காமல் நியானை வாங்கலாம். நீரும் மிருது, ஊரும் அவ்வளவு கொதிக்காது. அவர் கப்பி வளர்த்தால் தொட்டியில் கொஞ்சம் சிப்பித்தூள் போட வேண்டியிருக்கும். உதகையில் இரண்டுக்கும் ஹீட்டர் வேண்டும். ராமநாதபுரத்திலோ தூத்துக்குடியிலோ போர் தண்ணீரை நம்பி இருப்பவருக்கு, கடைக்காரர் காரணம் தெரியாமல் சொன்னாலும், கப்பிதான் சரி. ஒரு டிரம் மழைநீர் பிடித்து வைத்து, வாராவாரம் கலந்து ஊற்றப் பொறுமை இருந்தால், அங்கேயும் முதல் மீனாகவே நியானை வாங்கலாம். கப்பியில் கை பழகும்வரை காத்திருக்கத் தேவையில்லை.